ஜூனியர் ஹாக்கி அணி, நிர்வாக முடிவுகள், ரசிகரின் ஆதங்கம்: சித்தூர், திருப்பதி வட்டாரத்திலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

2025 டிசம்பர் 7 அன்று சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை அரையிறுதியில் இந்திய ஆடவர் அணி ஜெர்மனியிடம் 1-5 என்ற கணக்கில் தோற்றது. மூன்று நாட்கள் கழித்து அதே அரங்கில் அர்ஜென்டினாவுக்கு எதிராக இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்த அதே அணி, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல்கள் அடித்து வெண்கலப் பதக்கம் பெற்றது. ஒரே வாரத்தில் ஒரே அணியின் மீது வசையும் வாழ்த்தும் பொழிந்தன. ரசிகர் மனம் நிலையற்றது, வெற்றி பெற்றால் கொண்டாடும், தோற்றால் தூற்றும் என்ற வழக்கமான விளக்கத்தோடு இதனைக் கடந்துவிடலாம். ஆனால் இந்திய ஜூனியர் ஹாக்கியின் கடந்த கால்நூற்றாண்டை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. ரசிகரின் நீடித்த ஆதங்கத்திற்குத் தோல்வி காரணமாக இருந்தது குறைவு. உருவாகி வந்த ஓர் அணியை, உரிய காரணம் சொல்லாமல், நிர்வாகமே கலைத்த தருணங்களே அவ்வாதங்கத்தின் வேர்.

இதனைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்திலிருந்து நோக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. முடிவுகள் எடுக்கப்படும் இடம் எப்போதும் தொலைவில் இருந்துவந்த நிலப்பகுதி இது. 1911இல் சென்னை மாகாணத்தின் கீழ் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953 அக்டோபரில் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது, தலைநகர் கர்நூல். 1956இல் தலைநகர் ஹைதராபாத் ஆயிற்று. 1960இல் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. 2014இல் தெலங்கானா பிரிந்தது. 2022 ஏப்ரலில் மாவட்டமே பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மாநில எல்லை மாறும்போது விளையாட்டுச் சங்கத்தின் எல்லையும் மாறுகிறது; எந்த மாநில அணியின் தேர்வுக்கு ஒரு சிறுமி எந்த ஊருக்குச் செல்லவேண்டும் என்பதும் மாறுகிறது. அதே வேளையில், பெரிய பன்னாட்டுப் போட்டிகளை நடத்திவரும் ஹாக்கி அரங்குகளுள் திருப்பதிக்கு மிக அருகில் இருப்பது, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எழும்பூர் அரங்குதான். ஆகவே இவ்வட்டாரத்து ஹாக்கி ரசிகர் நிர்வாக அடிப்படையில் ஆந்திரத்தவர். பார்வையாளர் என்ற முறையில் சென்னைக்கு அண்டையவர்.

ஜூனியர் அணியின் கதையைத் தொடங்கும் முன், அதற்குப் பின்புலமாக அமைந்த 1998ஆம் ஆண்டு நிகழ்வை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்திய சீனியர் அணி தங்கம் வென்றது. 1966க்குப் பின், 32 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது. அணி நாடு திரும்பியபின் நடந்தது வேறு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மகாராஷ்டிரத்தின் கட்கியில் வளர்ந்த அணித்தலைவர் தன்ராஜ் பிள்ளை, கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் பெருமிதமாகத் திகழ்ந்த ஹைதராபாத்தின் முகேஷ் குமார் உள்ளிட்ட மூத்த வீரர்கள் அடுத்த தொடருக்கான அணியில் சேர்க்கப்படவில்லை. பயிற்சியாளர் எம்.கே. கௌஷிக்கும் பதவி இழந்தார். வீரர்கள் தங்களுக்குரிய படித்தொகையை வெளிப்படையாகக் கோரியிருந்தனர் என்பது அன்றைய செய்தித்தாள்கள் அறிந்த செய்தி. வென்ற அணியையே இவ்வாறு நடத்தும் நிர்வாகம், வளர்ந்துவரும் அணியை எவ்வாறு நடத்தும் என்ற ஐயம் ரசிகரிடம் அப்போதே வேரூன்றியது.

அந்த ஐயத்திற்கு ஜூனியர் அணி முதலில் நம்பிக்கையால் விடையளித்தது. 1997இல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா இறுதிப்போட்டி வரை சென்று ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. 2001 அக்டோபரில் ஹோபார்ட் நகரில் ககன் அஜித் சிங் தலைமையிலான அணி, இறுதியில் அர்ஜென்டினாவை 6-1 என வீழ்த்தி முதன்முறையாகக் கோப்பையை வென்றது. தீபக் தாக்குர், பிரப்ஜோத் சிங், ஜுக்ராஜ் சிங், அர்ஜுன் ஹாலப்பா என ஒரு தலைமுறையே ஒரே அணியில் திரண்டிருந்தது. அதன் பயிற்சியாளர் ராஜிந்தர் சிங்.

அடுத்த மூன்றாண்டுகளில் நிகழ்ந்தவை ஆய்வுக்குரியவை. 2002 கோலாலம்பூர் உலகக் கோப்பையில் சீனியர் அணி தொடர்ந்து தோற்றபோது, தொடர் முடியும் முன்பே பயிற்சியாளர் செட்ரிக் டிசோசா நீக்கப்பட்டார். எஞ்சிய ஆட்டங்களை உதவிப் பயிற்சியாளர் சி.ஆர். குமார் கவனித்தார். பின்னர் ராஜிந்தர் சிங் பொறுப்பேற்றார். ஹோபார்ட்டில் அவரிடம் பயின்ற இளைஞர்கள் சீனியர் அணியின் முதுகெலும்பாயினர். 2003இல் அவ்வணி ஆசியக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு ஹைதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க ஆசிய விளையாட்டில் பாகிஸ்தானை வென்று தங்கமும் பெற்றது. ஆந்திர ரசிகர்கள் தம் மாநிலத் தலைநகரிலேயே கண்ட வெற்றி அது. ஆனால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களே இருந்த நிலையில் ராஜிந்தர் சிங் மாற்றப்பட்டு, ஜெர்மனியின் கெர்ஹார்ட் ராக் நியமிக்கப்பட்டார். வீரர்களின் பெயர்களையே புதிதாக அறிந்துகொள்ள வேண்டிய ஒருவரிடம் ஒலிம்பிக் அணி ஒப்படைக்கப்பட்டது. இந்தியா ஏழாம் இடம் பெற்றது. ஹோபார்ட்டில் விதைக்கப்பட்டதை அறுவடைக் காலத்தில் மிதித்துவிட்டார்கள் என்ற உணர்வு அன்றைய ரசிகரிடம் எழுந்ததில் வியப்பில்லை.

2005இல் ரோட்டர்டாமில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் ஹரேந்திர சிங் பயிற்சியளித்த அணி, வெண்கலத்திற்கான ஆட்டத்தில் ஸ்பெயினிடம் டைபிரேக்கரில் தோற்று நான்காம் இடம் பெற்றது. வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு சிறு சறுக்கல். உண்மையில் சரிவின் வாயிலில் நின்ற அணி அது. 2008 மார்ச் மாதம் சிலியின் சாண்டியாகோவில் கிரேட் பிரிட்டனிடம் 0-2 எனத் தோற்றதால், 1928க்குப் பின் முதன்முறையாக இந்திய ஹாக்கி அணி இல்லாத ஒலிம்பிக் வந்தது. அடுத்த மாதமே, ஒரு வீரரை அணியில் சேர்ப்பதற்குக் கூட்டமைப்பின் செயலாளர் பணம் பெறுவதாகத் தொலைக்காட்சி ஒன்று மறைமுகப் பதிவை ஒளிபரப்பியது. செயலாளர் பதவி விலகினார். 1994 முதல் கே.பி.எஸ். கில் தலைமையில் இயங்கிய இந்திய ஹாக்கி கூட்டமைப்பை இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்தது. தேர்வு பற்றிய ரசிகரின் ஐயம் வெறும் புலம்பல் அன்று, அதற்கு ஆதாரமும் இருக்கக்கூடும் என்று நாடே எண்ணத் தொடங்கியது அப்போதுதான்.

ஹாக்கி இந்தியா என்ற புதிய அமைப்பு 2009 மே மாதம் உருவானது. அதற்கு அடுத்த மாதமே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஜூனியர் உலகக் கோப்பை. இந்தியா ஒன்பதாம் இடம். யார் பொறுப்பு என்று கேட்பதற்குக்கூட நிலையான முகவரி இல்லாத காலம் அது. 2010 ஜனவரியில், தில்லி உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தபோது, புனே முகாமில் சீனியர் வீரர்கள் நிலுவைத்தொகை கோரிப் பயிற்சியைப் புறக்கணித்தனர். 2013 டிசம்பரில் தில்லியில் சொந்த மண்ணில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா பத்தாம் இடம் பெற்றது. அதற்கு மூன்று மாதங்கள் முன்புதான் அதே வயதுப்பிரிவு அணி மலேசியாவில் சுல்தான் ஆஃப் ஜோகூர் கோப்பையை வென்றிருந்தது. திறமை இல்லாததால் தோற்ற அணி அன்று அது. வெற்றி பெற்ற அணியைப் பெரிய தொடர் வரை கட்டிக்காக்கத் தெரியாத அமைப்பின் அணி என்றே அதனைக் கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான சான்று 2016. ரோட்டர்டாமில் வெண்கலத்தைக் கைநழுவவிட்ட அதே ஹரேந்திர சிங்கிடம் ஜூனியர் அணி மீண்டும் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாண்டுகளுக்கு மேல் ஏறத்தாழ ஒரே குழுவுடன் அவர் பணியாற்ற முடிந்தது. லக்னோவில் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை ஷூட் அவுட்டிலும், டிசம்பர் 18 அன்று இறுதியில் பெல்ஜியத்தை 2-1 என்றும் வென்று, 15 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா கோப்பையைப் பெற்றது. அவ்விறுதியில் கோல் அடித்த குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜீத் சிங் இருவரும் 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தனர். 41 ஆண்டுகள் கழித்து வந்த அந்த ஒலிம்பிக் பதக்கத்திற்கான ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராகச் சிம்ரன்ஜீத் அடித்தவை இரண்டு கோல்கள். ஒரு ஜூனியர் அணியைக் கலைக்காமல் விட்டால் ஐந்தாண்டுகளில் என்ன விளையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் நிர்வாகத்தை ஒரே வண்ணத்தில் தீட்டுவது வரலாற்று நேர்மையாகாது. 2016இன் பொறுமையைக் காட்டிய அதே ஹாக்கி இந்தியாதான் அதற்கு முன்னும் பின்னும் சீனியர் அணியின் பயிற்சியாளர்களை அடுத்தடுத்து மாற்றியது. 2015இல் பால் வான் ஆஸ் சில மாதங்களிலேயே விலக நேர்ந்தது. 2017 செப்டம்பரில் ரோலண்ட் ஓல்ட்மன்ஸ் நீக்கப்பட்டார். ஜூனியர் கோப்பையை வென்ற ஹரேந்திரர் மகளிர் அணிக்கு அனுப்பப்பட்டார். மகளிர் அணிக்குப் பொறுப்பாக இருந்த ஷோர்ட் மரைன் ஆடவர் அணிக்கு வந்தார். எட்டு மாதங்கள் கழித்து, 2018 மே மாதம், இருவரும் மீண்டும் இடம் மாற்றப்பட்டனர். 2018 புவனேஸ்வர் உலகக் கோப்பையின் காலிறுதியில் நெதர்லாந்திடம் தோற்றபின், 2019 ஜனவரியில் ஹரேந்திரர் நீக்கப்பட்டு, ஜூனியர் அணியைப் பயிற்றுவிக்க அழைக்கப்பட்டார். ஜூனியர் அணி ஒரு தலைமுறையை வளர்க்கும் இடமாகக் கருதப்படுகிறதா, பதவி இழந்தவருக்கு அளிக்கப்படும் ஆறுதலாகக் கருதப்படுகிறதா என்ற வினா அன்று எழுந்தது. அவ்வினாவுக்கு இன்றும் தெளிவான விடை இல்லை.

இந்த இடமாற்றங்களின் விளைவைத் திருப்பதி வட்டாரம் நேரடியாக அறியும். இன்றைய திருப்பதி மாவட்டத்தின் எர்ராவாரிபாலெம் மண்டலத்தைச் சேர்ந்த எனமலவாரிபள்ளி என்னும் சிற்றூரில் 1990இல் பிறந்தவர் எத்திமார்ப்பு ரஜனி, இந்திய மகளிர் அணியின் கோல்கீப்பர். 2017 ஆசியக் கோப்பையை வென்ற அணியிலும் 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற அணியிலும் அவர் இடம்பெற்றார். முன்னது ஹரேந்திரரின் காலம். பின்னது மரைனின் காலம். ஓராண்டுக்குள் ஒரே வீராங்கனை இரு வேறு பயிற்சி முறைகளுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்க வேண்டியிருந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் 2020 டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அவர் மாற்று கோல்கீப்பர். கோல் காத்தவர் சவிதா புனியா. சவிதாவின் தகுதி பற்றி எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் ஒலிம்பிக் அணியின் அளவு 16 பேர் என்றிருக்கும்போது இரண்டாவது கோல்கீப்பருக்கு இடம் அரிது. பெயர்ப் பட்டியலின் விளிம்பில் நிற்பதே அவருடைய பணியாகிவிடுகிறது. 2024 ஜனவரியில் ஓமனில் நடந்த முதல் ஹாக்கி ஃபைவ்ஸ் உலகக் கோப்பையில் அவர் தலைமையில் இந்திய மகளிர் அணி வெள்ளி வென்றது. அத்தலைமை அவருக்கு வாய்த்தபோது அவருடைய வயது 33.

இங்கு ரசிகரின் ஆதங்கத்தைக் கோட்பாட்டு நிலையில் விளங்கிக்கொள்ள, பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் முன்வைத்த மூன்று சொற்கள் உதவும்: விலகல், குரல், விசுவாசம். ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதனைச் சார்ந்தோர் அதைவிட்டு விலகலாம், அல்லது குரலெழுப்பித் திருத்த முயலலாம். விசுவாசம் மிகுந்தவர்கள் விலகலைத் தள்ளிப்போட்டுக் குரலையே நாடுவர் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கனடாவிலோ ஐரோப்பாவிலோ உள்ளூர்க் கிளப்பின் ரசிகர் நுழைவுச்சீட்டு வாங்க மறுத்துத் தம் எதிர்ப்பைக் காட்ட முடியும். ஜெர்மானியக் கால்பந்தில் கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்ற விதி உண்டு. ஆகவே அங்கே ரசிகரின் குரலுக்கு வாக்கின் வடிவமும் கிடைக்கிறது. இந்திய ஜூனியர் அணியின் ரசிகருக்கு இவ்விரண்டும் இல்லை. நாட்டின் அணி ஒன்றே. விலகினால் சென்றடைய வேறு அணி இல்லை. வாக்குரிமை மாநிலச் சங்கங்களிடம் இருக்கிறது. எஞ்சியிருப்பது குரல் மட்டும். அக்குரல் உரக்க ஒலிப்பதற்குக் காரணம், அதற்கு வேறு வழியில்லாததே.

வழியில்லாத குரல் பலமுறை தவறான இடத்தில் சென்று விழுகிறது என்பதையும் சொல்லவேண்டும். 2021 புவனேஸ்வரில் பிரான்ஸிடம் இருமுறை தோற்று நான்காம் இடம் பெற்றபோதும், 2023 கோலாலம்பூரில் ஸ்பெயினிடம் தோற்று மீண்டும் நான்காம் இடம் பெற்றபோதும், வசைக்கு முதலில் ஆளானவர்கள் இருபது வயதைத் தொடாத அல்லது அப்போதுதான் தொட்ட இளைஞர்கள். தவறவிட்ட பெனால்டி கார்னர் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அந்த இளைஞரைத் தேர்ந்தெடுத்த கூட்டமும், அவருக்குப் பயிற்சியளித்தவரை மாற்றிய கடிதமும் எவர் கண்ணிலும் படுவதில்லை. 2002இல் சீனியர் அணியை நடுத்தொடரில் ஏற்க நேர்ந்த சி.ஆர். குமாரே 2023 ஜூனியர் அணியின் பயிற்சியாளர் என்பதை நினைவில் வைத்துப் பேசியவர்கள் சிலரே. பெரும்பாலோர் தோல்வியைக் கடைசியாகத் தொட்ட கையையே குற்றம் சொல்கின்றனர்.

2025 சென்னை அணியை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும். பி.ஆர். ஸ்ரீஜேஷ் பயிற்சியில் இவ்வணி 2024 டிசம்பரில் மஸ்கட்டில் பாகிஸ்தானை வென்று ஜூனியர் ஆசியக் கோப்பையைப் பெற்றது. மறு ஆண்டு சென்னையில் காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட் அவுட்டில் கடந்து, ஜெர்மனியிடம் நொறுங்கி, மூன்றே நாட்களில் மீண்டெழுந்து, ஒன்பதாண்டுகளுக்குப் பின் ஜூனியர் உலகக் கோப்பைப் பதக்கத்தைக் கொண்டுவந்தது. 1-5 என்ற கணக்கை மட்டும் நினைவில் வைப்போர் ஹோபார்ட்டுக்குப் பின் நடந்ததை மறந்தவர்கள். வெண்கலத்தை மட்டும் நினைவில் வைப்போரும் அதையே மறந்தவர்கள். இவ்வணியின் மதிப்பு டிசம்பர் 7இலோ 10இலோ முடிவாகிவிடவில்லை. இதன் வீரர்களுள் எத்தனை பேரை, எந்தப் பயிற்சியாளரிடம், எவ்வளவு காலம் நிர்வாகம் விட்டுவைக்கிறது என்பதே அதனை முடிவு செய்யும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், கூட்டமைப்புகளின் செயற்குழுவில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கும் மகளிருக்கும் இடம் ஒதுக்குகிறது; தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயமும் காண்கிறது. 1998இல் தன்ராஜ் பிள்ளைக்கும் முகேஷ் குமாருக்கும் இல்லாத முறையீட்டு வழி இனிவரும் வீரருக்குக் கிடைக்கக்கூடும். இது முன்னேற்றமே. ஆனால் தேர்வு பற்றிய ரசிகரின் பழைய வினாவை இச்சட்டம் தொடவில்லை. அணி அறிவிக்கப்படும் நாளில் பெயர்ப் பட்டியல் வெளியாகிறது. ஒரு பெயர் ஏன் சேர்ந்தது, மற்றொன்று ஏன் நீங்கியது என்ற காரணம் அதனுடன் வருவதில்லை. எனமலவாரிபள்ளி போன்ற ஓர் ஊரில் முதன்முறையாக மட்டை பிடிக்கும் சிறுமிக்கும் அவளை ஊக்குவிக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் அப்பட்டியலைவிட அக்காரணமே பயன்படும். எதைத் திருத்திக்கொண்டால் அடுத்த முறை வாய்ப்பு உண்டு என்பதை அவர்கள் அதிலிருந்தே அறியமுடியும். ரசிகர் கால்நூற்றாண்டாகக் கேட்டுவருவதும் அதையே.